ஜூன் விடுமுறைக்குப் பினாங்கு: கூரைப்பெட்டியா, பெரிய வாடகைக் காரா, துணிப்பைகளா?

மே மாதம் முடியும்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தொடங்கும். எங்கே போவது என்பதில் பிரச்சினை இல்லை. ஜூன் பள்ளி விடுமுறை என்றால் சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியாவின் பினாங்கு, அப்படியே மேலே சுங்கைப்பட்டாணியில் அண்ணன் வீடு. போக வர ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், ஏழு நாள், ஐந்து பேர். சாமான்களை எதில், எப்படி ஏற்றுவது என்பதுதான் வழக்கு. கணவருக்குக் கூரைப்பெட்டி மேல் ஆசை. மகனுக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய கார் வேண்டும். அத்தைக்கு எதுவானாலும் சரி, அவர் பை அவர் காலடியில் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்தாகிவிட்டது. இந்த ஆண்டு அண்ணன் மகள் திருமணமும் சேர்ந்துகொண்டதால் பட்டுப்புடவைகள் வேறு. அதனால் ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பட்டதை எழுதிப் பார்த்தேன்.

எங்கள் கார் சாதாரண செடான். பின்னால் இருப்பதை அத்தை டிக்கி என்பார், பிள்ளைகள் பூட் என்பார்கள். நான் அத்தை கட்சி. இந்த அளவுக் கார்களின் டிக்கி 450 முதல் 500 லிட்டர் வரை கொள்ளும். 24 அங்குலக் கெட்டிப்பெட்டி ஒன்று 65 லிட்டர் வாக்கில் வரும். வகுத்துப் பார்த்தால் ஏழு பெட்டி போக வேண்டும். நடப்பில் மூன்று வைத்ததும் நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். டிக்கி ஒன்றும் சதுரமான அலமாரி இல்லையே. இரண்டு பக்கமும் சக்கரத்திற்கான புடைப்பு, மேலே மூடியோடு சேர்ந்து இறங்கும் வளைந்த இரும்புக் கைகள். நாலாவது பெட்டியின் மூலை அந்தக் கையில்தான் போய் இடிக்கும். பெட்டிக்குக் கீழே சக்கரங்கள், பக்கத்தில் பிடி, இவற்றைச் சுற்றியெல்லாம் வெற்றிடம். லிட்டர் கணக்கு அங்கேதான் கரைகிறது.

அப்படித் திணித்துக்கொண்டு போன ஆண்டு, யோங் பெங்கைத் தாண்டியதும் பின்சக்கரம் ஒன்று காற்றிறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரம் எங்கே? டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே. நான்கு பெட்டி, ஒரு பால் வண்டி அளவு பொம்மைப் பை, அரிசி மாவு, அத்தையின் தலையணை, எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி அவசரப் பாதையோரம் வரிசையில் நின்றன. லாரிகள் போகும்போதெல்லாம் தலையணை உறை படபடவென்று அடித்துக்கொண்டது. அத்தையும் பிள்ளைகளும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நெடுஞ்சாலைச் சுற்றுக்காவல் வண்டி வந்து ஆரஞ்சுக் கூம்புகளை வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. எச்சரிக்கை முக்கோணம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து அடியில்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு கூரைப்பெட்டி. நண்பர் ஒருவர் கொடுத்தார். இங்கே வாடகைக்கும் கிடைக்கிறது, ஆனால் பெட்டியை மட்டும் வாங்கி வந்தால் போதாது. உங்கள் கார் மாடலுக்குப் பொருந்தும் குறுக்குக் கம்பிகளும் பிடிப்புகளும் வேண்டும். அவை வாடகையில் சேர்த்தியா, மாட்டிக் கொடுப்பார்களா, முன்பணம் எவ்வளவு, இதையெல்லாம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நானூறு லிட்டர் கூடுதல் இடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது லிட்டரில் பெரியது, கிலோவில் சின்னது. பல கார்களின் கூரை தாங்குவது 75 கிலோ அளவுதான். கையேட்டில் போட்டிருக்கும், பாருங்கள். அந்தக் கணக்கில் கம்பியும் பெட்டியும் சேரும். பெட்டியே 15, 20 கிலோ, கம்பிகள் ஓர் ஐந்து. மிச்சம் 50 கிலோ. ஆகவே மேலே போக வேண்டியவை தலையணை, போர்வை, துணி, காலணி மாதிரி பஞ்சுச் சாமான்கள். அரிசி, தண்ணீர்ப் போத்தல், எவர்சில்வர் டப்பா எல்லாம் கீழேதான். கனம் உச்சியில் ஏறினால் வளைவில் கார் சாய்வது உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறும்போது அத்தை இரண்டு வளைவுக்கு ஒரு முறை முருகனைக் கூப்பிட்டார்.

பெட்ரோல் செலவைப் பற்றித்தான் எல்லாரும் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய கூரைப்பெட்டி நெடுஞ்சாலை வேகத்தில் காரின் எரிபொருள் சிக்கனத்தை 10 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. எங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும். 1,500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர். பெட்டி இருந்தால் கூடுதலாக ஓர் 20 லிட்டர் என்று வையுங்கள். சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்கு மலேசியாவில் 95 ரகப் பெட்ரோல் கிடையாது, விலை கூடிய 97தான். லிட்டர் மூன்றேகால் ரிங்கிட் என்று வைத்தால் 65 ரிங்கிட். சிங்கப்பூர்ப் பணத்தில் இருபது வெள்ளி. இதற்காக யாரும் கூரைப்பெட்டியைக் கைவிட வேண்டியதில்லை. 110 என்ற வேக வரம்புக்குக் கொஞ்சம் கீழே ஓட்டினால் அதுவும் குறையும். மாறாக, காருக்குள்ளே 45 கிலோ கூடினால் ஆகும் நட்டம் ஒரு விழுக்காடுதானாம். காற்றோடு மல்லுக்கு நிற்பதுதான் எரிபொருளைக் குடிக்கிறது.

கைவிட வேண்டிய காரணம் வேறு. உயரம். எங்கள் கார் ஒன்றரை மீட்டர், கம்பியும் பெட்டியும் அரை மீட்டர். மொத்தம் இரண்டு. எங்கள் புளோக்கின் பலமாடிக் கார்ப்பேட்டை முகப்பில் உயர வரம்பு எழுதிய கம்பி ஒன்று தொங்கும். பத்தாண்டாக அதன் அடியில் போய் வந்தும் ஒருநாள்கூட நான் அதைப் படித்ததில்லை. பெட்டி மாட்டிய அன்று கணவர் இறங்கி நின்று கையைக் காட்ட, நான் அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன். கம்பிக்கும் பெட்டிக்கும் நான்கு விரற்கடை. பினாங்கில் தங்கிய இடத்தில் அந்த நான்கு விரலும் இல்லை. அடித்தளத்தில் நிறுத்த முடியாமல் மூன்று இரவும் கார் தெருவில் நின்றது. மேலே பூட்டிய பெட்டி, கீழே தூக்கம் வராத கணவர். செடானுக்கே இப்படி என்றால், 1.7 மீட்டர் உயரக் காரில் மாட்டுகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அளவுநாடாவை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, திறப்பது. சோதனைச்சாவடியில் அதிகாரி மேலே கையைக் காட்டினார். சாவி என் கைப்பையில், கைப்பை டிக்கியில், டிக்கிக்கு முன்னால் மாம்பழக் கூடை. பின்னால் நின்ற வண்டிகளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கெட்டிப்பெட்டிக்குப் பதிலாகக் கூரையில் கட்டும் துணிப்பை ஒன்று விற்கிறார்களே, விலையும் குறைவு, கம்பியும் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கம்பி இல்லாத காரில் அதன் பட்டைகளைக் கதவு வழியாக உள்ளே விட்டுக் கட்டுவார்கள். ஜூனில் விடியற்காலைச் சுமத்ரா மழைக்காற்று அடித்தால் தண்ணீர் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். நாமெல்லாம் கிளம்புவதே நான்கு மணிக்கு. பட்டை வழியே தோளில் சொட்டு விழுந்த என் தோழி அதற்குப் பிறகு அந்தப் பையைப் பழைய துணி போட வைத்திருக்கிறாள்.

மூன்றாவது, ஏழு இருக்கை வாடகைக் கார். மகன் கட்சி. ஏறியதும் எல்லாருக்கும் பிடித்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு மேலே இடம், அத்தை குனியாமல் ஏறலாம். ஐந்து பேர் போய், மூன்றாம் வரிசையை மடக்கிவிட்டால் பின்னால் ஒரு சிறிய அறையே கிடைக்கும். தவறு நடப்பது, இடம்தான் இருக்கிறதே என்று மேலும் இரண்டு பேரைச் சேர்க்கும்போது. மூன்றாம் வரிசையை நிமிர்த்தியதும் பின்கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே மிஞ்சுவது மளிகைப் பைகளை நிற்க வைக்கும் அளவு இடம்தான், சிறிய ரகங்களில். ஏழு பேருக்கு இருக்கை என்றால் ஏழு பேருடைய பெட்டிக்கும் இடம் என்று அர்த்தமில்லை. எங்களோடு நாத்தனாரும் அவர் மகளும் வந்த ஆண்டில் பெட்டிகள் கால்மாட்டிலும் மடியிலும் வந்தன. மூன்றாம் வரிசையில் பாதியை மடக்கி, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் பெட்டிகளை அடுக்குவதும் உண்டு. கட்டாமல் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு திடீர் பிரேக் போதும், மேல்பெட்டி பிள்ளை மேல்தான் வரும்.

செலவிலும் ஒளிந்திருப்பது நிறைய. நாள் வாடகையைப் பார்த்து மகிழ்ந்துவிடக்கூடாது. மலேசியாவுக்குக் கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், விபத்தானால் நாம் கட்ட வேண்டிய முதல் தொகையும் அங்கே கூடும். அந்தக் காருக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதி, அதாவது விஇபி வில்லை ஒட்டியிருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர்த் தனியார் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளை இருந்தால் பிள்ளைகளுக்கான இருக்கையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து தூக்கிப் போங்கள். அப்புறம், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி வாடகைக் காருக்கும்தான். பாதித் தொட்டியோடு கொடுத்தால் நிரப்புவது நம் செலவு.

இந்த மூன்றிலும் பட்ட பிறகு, போன ஆண்டு ஒரு சனிக்கிழமை கெட்டிப்பெட்டிகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போய் ஐந்து துணிப்பைகள் வாங்கினேன். ஆளுக்கொன்று, 40 லிட்டர், சக்கரம் இல்லாதது, ஆளுக்கொரு நிறம். மொத்தம் 200 லிட்டர். அதே டிக்கிதான், பாதிக்கு மேல் காலி! கணவர் நம்பாமல் ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

துணிப்பை புடைப்புக்கு ஏற்ப வளையும், இரும்புக் கை இறங்கும் இடத்தில் பதிந்து கொடுக்கும். ஆனால் உண்மையான மிச்சம் பையில் இல்லை, துணியில். ஏழு நாளுக்கு ஏழு உடுப்பு எடுப்பதை நிறுத்தினோம். நான்கு நாளுக்குத்தான் எடுத்தோம். மலேசியாவில் எந்தச் சிறு நகரத்திலும் நாணயம் போட்டுத் துவைக்கும் டோபிக் கடை இருக்கிறது. பினாங்கில் ஓர் இரவு சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டுப் போனோம், வந்து உலர்த்தியில் மாற்றினோம், சூட்டோடு மடித்து எடுத்து வந்தோம். பத்துப் பதினைந்து ரிங்கிட்டில் ஐந்து பேருடைய அழுக்கும் போயிற்று. அத்தைக்கு மட்டும் தன் சேலையை ஊர்பேர் தெரியாத இயந்திரத்தில் போட மனமில்லை. குளியலறையில் அலசிக் காயப்போட்டார். அவர் விருப்பம்.

குறை இல்லாமல் இல்லை. துணிப்பையில் கசங்கும். பட்டுப்புடவைக்கு அது ஆகாது. அதற்காக இந்த முறை மூன்று புடவைகளையும் கணவரின் பழைய பருத்தி வேட்டியில் தட்டையாகச் சுற்றி, அட்டைப்பெட்டி மூடி ஒன்றில் வைத்து, பைகளுக்கெல்லாம் மேலே கடைசியாக வைக்கப்போகிறேன். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் வைக்கலாமே என்றார் கணவர். அங்கே எதுவுமே வேண்டாம். வெயில் ஒரு பக்கம், பிரேக் அடித்தால் பறந்து வருவது ஒரு பக்கம். இன்னொரு குறை, தூக்கிச் சுமக்க வேண்டும். முதுகு வலிக்காரர்கள் யோசியுங்கள். எங்கள் வீட்டில் பதின்மூன்று வயது மகன் இருக்கிறான்.

அடுக்கும் வரிசை இப்போது பழகிவிட்டது. அரிசி, எண்ணெய் மாதிரிக் கனமானவை அடியில், பின்இருக்கையின் முதுகை ஒட்டி. அதற்கு மேல் துணிப்பைகள். முக்கோணமும் கைவிளக்கும் டிக்கி வாய்க்கு அருகே, ஒரே பையில். முதல் இரவு ஈப்போவில் தங்குவதால் அந்த இரவுக்கு மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சின்னப் பை. மற்ற ஐந்தையும் அன்று தொடுவதே இல்லை. ஏற்றி முடித்ததும் சக்கரக் காற்றைச் சரிபார்க்க வேண்டும். முழுச் சுமைக்கு எவ்வளவு என்று ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்த ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிறு திருகு பல கார்களில் உண்டு. எனக்கு அது தெரிய எட்டு வருஷம் ஆயிற்று.

டிக்கியை எவ்வளவு அழகாக அடுக்கினாலும், பயணம் நல்லபடி போவது உட்காரும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான். பள்ளி விடுமுறை வார இறுதியில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் இரண்டிலும் மூன்று மணி நேரம்கூட ஆகலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் எச்சரிப்பது வழக்கம். அந்த மூன்று மணி நேரத்தில் டிக்கி பாங்காக்கில் இருந்தாலும் ஒன்றுதான், இறங்கித் திறக்க முடியாது. கடவுச்சீட்டுகள், சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டை, கைப்பேசி மின்னூட்டி என் பக்கக் கதவுப் பையில். சிங்கப்பூர்ப் பக்கம் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீடு ஒன்றையே காரிலுள்ள எல்லாருக்கும் சேர்த்துக் காட்டலாம், பத்துப் பேர் வரை. ஆனால் அதை வரிசையில் நின்றுகொண்டு தயார் செய்யாதீர்கள், முதல் நாளே முடித்துவிடுங்கள். நெகிழிப்பைகளும் இஞ்சி மிட்டாயும் மகளின் கைக்கு எட்டும் இடத்தில். கேமரன் வளைவில் "அம்மா, ஒரு மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னால் நமக்குக் கிடைப்பது பத்து வினாடி.

அத்தையின் பையில் இன்சுலின் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே சூடு 50 பாகையைத் தாண்டிவிடும், டிக்கியும் அப்படித்தான். அதனால் மருந்து எங்களோடு இறங்கும், எங்களோடு ஏறும். ஒரு முறை ஐஸ் கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோய்விட்டது. உறைந்த இன்சுலினை உருக்கினாலும் போடக்கூடாது. இப்போது சிறிய குளிர்ப்பையில், ஐஸ் பொட்டலத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு கைத்துண்டு மடித்து வைக்கிறேன். அத்தை தன் பையைக் காலடியில் கேட்டது பிடிவாதம் என்று நாங்கள் எத்தனை ஆண்டு நினைத்திருந்தோம்!

சாப்பாட்டுக்குப் பெரிய ஐஸ்பெட்டி வேண்டாம் என்பது என் கட்சி. இருபது லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பாகோவுக்குள் கட்டி உருகி, உள்ளே போத்தல்கள் நீந்தும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, இரண்டும் ஐஸ் கேட்காதவை. மச்சாப் ஓய்விடத்தில் எட்டு மணிக்கு முன் தீர்ந்துவிடும். காலி டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். தண்ணீர் அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, யாருக்கு எது? ஐந்து பேர் வரை, நடக்கத் தெரிந்த பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சொந்தக் காரும் துணிப்பையும். ஆறு பேரானால் வாடகைக் கார், ஆளுக்கொரு துணிப்பையோடு. மூன்றாம் வரிசையில் ஒரே ஓர் இருக்கையை மட்டும் நிமிர்த்தி, மடக்கிய பக்கத்தில் பைகளை வலை போட்டுக் கட்டுங்கள். ஏழு பேர் என்றால் இரண்டு கார் மலிவு, மனஸ்தாபமும் குறைவு. கூரைப்பெட்டியை நான் சிபாரிசு செய்வது ஒரே ஒரு குடும்பத்துக்கு: கைக்குழந்தை, தள்ளுவண்டி, மடக்குக் கட்டில், டயப்பர் மூட்டை என்று கனமில்லாமல் இடத்தை அடைக்கும் சாமான் உள்ளவர்களுக்கு. அவர்களும் தங்குமிடத்தில் திறந்தவெளி நிறுத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மாட்டட்டும்.

கணவர் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. போகும்போது சரி, வரும்போது என்ன செய்வாய் என்கிறார். நியாயமான கேள்வி. வரும்போது ஈப்போவுக்கு வெளியே தம்பூனில் பொமெலோ வாங்காமல் வந்ததில்லை. பினாங்கு ஜாதிக்காய், கேமரன் தேயிலை, அண்ணி கட்டிக் கொடுக்கும் ஊறுகாய்ப் போத்தல்கள், கல்யாண வீட்டுப் பலகாரம். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஆளுக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை, ஆகவே சுங்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. டிக்கியைப் பற்றித்தான் கவலை. அதனால் போகும்போதே வலது பக்கப் புடைப்பை ஒட்டி ஓர் இடத்தை விட்டுவைக்கிறேன். மடித்த காலிப்பை ஒன்று மட்டும் அங்கே இருக்கும். போன ஆண்டு அதில் ஆறு பொமெலோ போயிற்று. ஏழாவது அத்தையின் காலடியில் வந்தது.